மழை ஓயும் மாதங்களில் மலைக்கோயில்: போடியிலிருந்து ஒரு நாள் பயணம்

ஐப்பசி அடைமழை விட்டு, கார்த்திகை பாதியைத் தாண்டும்போது போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள மலைகள் பச்சை பிடித்து நிற்கும். காய்ந்து கிடந்த ஓடைகளில் தண்ணீர் ஓடும். காலை வெயில் உறைக்காது. மலைக்கோயிலுக்கு ஏறுவதற்கு இதைவிடச் சுகமான பருவம் கிடையாது. அருவியில் குளிக்கத் தடை, மலைச்சாலையில் மண்சரிவு, கோயில் பாதை மூடல் என்று செய்தித்தாளில் அடுத்தடுத்து வருவதும் இதே பருவத்தில்தான். இரண்டையும் கணக்கில் வைத்துப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

போடியைத் தங்கும் ஊராகவும், கம்பத்தை அடுத்த சுருளியை முக்கியக் கோயிலாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே சொல்லும் வரிசையும் எச்சரிக்கையும் மேற்குத் தொடர்ச்சி மலையின் எந்தக் காட்டுக்கோயிலுக்கும் பொருந்தும்.

## ஒரே ஒரு விதி

அடிவாரத்தில் வானம் வெளுத்திருப்பதை நம்பாதீர்கள். மலைக்கு மேலே நேற்று ராத்திரி என்ன பெய்தது என்று கேளுங்கள்.

சுருளி அருவிக்குத் தண்ணீர் வருவது மேகமலைப் பக்கத்து ஹைவேவிஸ், தூவானம், ஈத்தக்காடு, அரிசிப்பாறை வனப்பகுதிகளிலிருந்து. போடியை ஒட்டி ஓடும் கொட்டகுடி ஆற்றுக்கு வரத்து குரங்கணி மலைகளிலிருந்து. அங்கே பெய்தால், கீழே ஒரு சொட்டு விழாமலேயே காட்டாறு பெருகி வரும். 2015 மே மாதம் அமாவாசையை ஒட்டிச் சதுரகிரி சுந்தர மகாலிங்கம் கோயிலுக்குப் போன பக்தர்கள் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். அது மழைக்காலம்கூட இல்லை, கோடை மழை. கோடையிலேயே அப்படி என்றால், ஏற்கெனவே ஊறிப்போன கார்த்திகை மலையில் ஒரு மணி நேரக் கனமழை என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

## எந்தக் கோயில்?

மழையின் அளவைப் பார்த்துக் கோயிலைத் தேர்ந்தெடுங்கள். எளிதானதிலிருந்து கடினமானது வரை வரிசை இது:

1. போடி பரமசிவன் மலைக்கோயில். ஊரை ஒட்டிய குன்று. படிக்கட்டு உண்டு, காட்டாறு எதையும் கடக்க வேண்டாம். முந்தைய நாள் நல்ல மழை என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். சித்திரைத் திருவிழா தவிர மற்ற நாட்களில் நெரிசல் இருக்காது.

2. மாவூற்று வேலப்பர். ஆண்டிபட்டி வட்டம் தெப்பம்பட்டி அருகே, மலையடிவாரக் காட்டுக்குள் ஊற்றோடு இருக்கும் முருகன் கோயில். ஏற்றம் குறைவு. வயதானவர்களோடு வருவோருக்கு ஏற்றது. மாலை மங்குவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

3. சுருளி. கம்பத்திலிருந்து சுமார் 10 கி.மீ. வேலப்பர் கோயில், பூதநாராயணர் கோயில், மலைமேல் கைலாசநாதர் குகை, கூடவே அருவி. அருவிப் பகுதி வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வெள்ளம் வந்தாலும் யானை வந்தாலும் கேட்டை மூடிவிடுவார்கள்.

4. சதுரகிரி. வத்திராயிருப்புக்கு அருகே தாணிப்பாறையிலிருந்து பல மணி நேரக் காட்டு நடை. ஓடைகளைக் கடந்தே ஆக வேண்டும். முதல்முறை மலைக்கோயில் போகிறவர்கள் மழை முழுதாக ஓயாதவரை இதைத் தள்ளிப்போடுங்கள். வருசநாட்டுப் பக்கத்திலிருந்து யாராவது ‘குறுக்குப் பாதை காட்டுகிறேன்’ என்றால் போகாதீர்கள்.

கண்ணகி கோயிலை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. கூடலூருக்கு மேலே தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் அனுமதி. மழைக்காலத்தில் ‘கேட்டுப் பார்க்கலாம்’ என்று குமுளிவரை போய் நிற்கிறவர்கள் இன்றும் உண்டு.

## நாள் குறிப்பது

- ஐப்பசி (அக்டோபர் நடு முதல் நவம்பர் நடு வரை): தேனி மாவட்டத்துச் சமவெளிக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவமழைதான். காலையில் வெயில், மதியத்துக்கு மேல் கருமேகம், சாயங்காலம் இடி மின்னலோடு மழை என்பது இந்த மாதத்து வாடிக்கை. பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.
- கார்த்திகை (நவம்பர் நடு முதல் டிசம்பர் நடு வரை): வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பெய்யும், பிறகு விடும். மழை விட்டு இரண்டு நாள் கழித்துக் கிளம்புங்கள்.
- மார்கழி (டிசம்பர் நடு முதல் ஜனவரி நடு வரை): மழை குறையும், குளிரும் பனிமூட்டமும் கூடும். அருவியில் தண்ணீரும் இருக்கும். இந்த அத்தியாயம் பரிந்துரைக்கும் காலம் இதுதான்.

கூட்டத்தையும் பாருங்கள். கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை சபரிமலை போகும் ஐயப்ப பக்தர்கள் ஏராளமானோர் தேனி, கம்பம் வழியாகப் போவார்கள். அவர்களில் பலர் சுருளியில் குளித்துவிட்டுப் போவதால் சனி, ஞாயிறுகளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. நெரிசல் மிகுந்த நாட்களில் கேரளம் போகும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடும் நடக்கும். தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் அலைமோதும். தர்ப்பணம் உங்கள் நோக்கம் இல்லையென்றால் செவ்வாய், புதன், வியாழன் என்று வார நடுவில் வாருங்கள்.

## போடிக்கு வந்து சேர்வது

மதுரை–போடி அகல ரயில்பாதையில் 2023 ஜூன் 15 முதல் ரயில் ஓடுகிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரம் 3 நாள் இரவு ரயில் உண்டு. மறுநாள் முற்பகலில் வந்து இறங்கும். அந்த நாளிலேயே மலைக்குப் போக நினைக்காதீர்கள். இறங்கிய நாளைப் பரமசிவன் கோயிலுக்கும் விசாரிப்புக்கும் வைத்துக்கொண்டு, மறுநாள் விடியலில் சுருளிக்குக் கிளம்புவதே சரியான வரிசை. தேனியிலிருந்து வருகிறவர்களுக்கு போடி 15 கி.மீ. தான். பஸ் அடிக்கடி உண்டு.

## முந்தைய நாள் வேலைகள்

1. வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி அறிவிப்பில் தேனிக்கு என்ன நிறம் என்று பாருங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 மி.மீ. தொட்டால் மிகக் கனமழை, 204.4 மி.மீ. தாண்டினால் அதிகனமழை. ஆரஞ்சு, சிவப்பு என்றால் பயணத்தை ரத்து செய்யுங்கள். மஞ்சள் என்றால் பரமசிவன் கோயிலோடு நிறுத்துங்கள்.

2. பக்கத்து மாவட்டத்தையும் பாருங்கள். மலை உச்சிக்கு அந்தப்புறம் கேரளத்தின் இடுக்கி. இடுக்கிக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தால் போடிமெட்டுப் பக்கமும் மழை இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

3. உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் விடிகாலை நிற்கும் ஜீப் டிரைவர்கள் தினமும் மலையேறி இறங்குகிறவர்கள். “அண்ணே, மேல மழையா?” என்று கேட்டால் போதும். “ராத்திரி பூரா ஊத்துச்சு, பாறை கெடக்கு, பாத்துப் போங்க” என்று ஒரே வரியில் பதில் வரும். செல்போனில் தெரியாத தகவல் அந்த ஒரு வரியில் இருக்கும்.

4. கோயில் திறந்திருக்கிறதா, அருவியில் குளிக்க அனுமதி உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கோயில் திறந்திருந்தும் அருவிப் பாதை மூடியிருக்கலாம்.

5. வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். எந்தக் கோயில், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்ற மூன்றும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். காட்டுப் பாதையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் நிறைய.

6. எண்களைப் பதிந்துகொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112.

## எடுத்துச் செல்ல வேண்டியவை

- காலுக்கு: அடிப்பக்கம் பல் உள்ள ரப்பர் செருப்பு, பின்புறம் வார் இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் செருப்பு ஈரப்பாறையில் வழுக்கும், ஓடையில் கழன்று போகும்.
- உடலுக்கு: சீக்கிரம் காயும் துணி. வேட்டி கட்டிக்கொண்டுதான் சாமி கும்பிட வேண்டும் என்பவர்கள் அதைப் பையில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் மாற்றிக்கொள்ளுங்கள். நனைந்த வேட்டி காலைத் தட்டும்.
- மழைக்கு: மேல்சட்டையும் கால்சட்டையுமாக வரும் ரெயின்கோட். மலைக்காற்றில் குடை பிடிக்க முடியாது. ஒரு கையும் வீணாகும்.
- மாற்றுத் துணி ஒன்று, துண்டு இரண்டு, தண்ணீர் புகாத பையில்.
- டார்ச், பகல் பயணமாக இருந்தாலும். பனிமூட்டம் இறங்கினால் மூன்று மணிக்கே இருட்டும்.
- குடிநீர், ஸ்டீல் அல்லது செம்பு பாட்டிலில். ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. காட்டுக்குள் அதைச் சோதனையிலேயே பறித்துவிடுவார்கள்.
- முதலுதவி: கிருமிநாசினி, பஞ்சு, கட்டுத்துணி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள்.
- சாப்பாடு: புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு மாதிரி கெடாதது, வாழை இலைப் பொட்டலமாக. கையில் தொங்கவிடாமல் முதுகுப்பைக்குள் வையுங்கள். குரங்குகளுக்குக் கைப்பை என்றாலே தின்பண்டம்தான்.

குறிப்பு: ஏலத்தோட்டங்களின் வழியாக வரும் ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தாலும் குடிக்காதீர்கள். ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பது அதிகம். மழையில் அது கழுவி ஓடையில்தான் சேரும். கொதிக்க வைத்தாலும் மருந்து போகாது.

## சுருளிப் பயணம்: படிப்படியாக

1. விடிகாலை ஆறு மணிக்குள் போடியை விட்டுக் கிளம்புங்கள். தேவாரம், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். கம்பம் சேர இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து சுருளிக்கு டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு.

2. கம்பத்தில் காலைச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு குளிர்ந்த அருவியில் நின்றால் சிலருக்குத் தலை சுற்றும்.

3. சுருளிப்பட்டியைத் தாண்டும்போது திராட்சைப் பந்தல்கள் வரும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இதுதான். வேண்டுமானால் சாலையோரம் வாங்குங்கள். பந்தலுக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள், காய் உதிரும்.

4. வனத்துறை கேட்டில் நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: இன்று நீர்வரத்து எப்படி? யானை நடமாட்டம் உண்டா? எத்தனை மணிக்குள் வெளியே வர வேண்டும்? டிக்கெட் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

5. முதலில் குளியல், பிறகு தரிசனம். வழக்கமும் அதுதான், பாதுகாப்பும் அதுதான். மதியத்துக்கு மேல் மேகம் திரளும். அருவிக் குளியலை முதலிலேயே முடித்துவிட்டால் அந்தப் பதற்றம் இல்லை.

6. ஈரத்துணியை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு நடங்கள். செருப்பைக் கழற்றிய பிறகு படிகளில் கவனம் வேண்டும். மழைக்காலத்தில் படியின் ஓரங்களில் கரும்பச்சைப் பாசி பிடித்திருக்கும். அதன் மேல் கால் வைத்தால் எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கும். ஆட்கள் நடந்து தேய்ந்த நடுப்பகுதியில், பாதம் முழுதும் பதியும்படி, குட்டையான அடி எடுத்து வையுங்கள். இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி இறங்குவது நல்லது.

7. குகைக்கு ஏறுவதா என்பதைப் பகல் பதினொன்றரைக்குள் முடிவு செய்யுங்கள். மேகம் இறங்கியிருந்தால், தூறல் தொடங்கியிருந்தால், கூட்டத்தில் ஒருவர் களைத்திருந்தால் கீழேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். ஒருவரை வழியில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஏறுவது கூடாது.

8. மதியம் இரண்டு மணிக்குள் கேட்டுக்கு வெளியே வந்துவிடுங்கள். கேட் மூடும் நேரம் அதற்குப் பிறகாக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்றாதீர்கள். சாயங்கால மழைக்கு முன் கம்பத்தில் இருப்பதுதான் நோக்கம்.

## தண்ணீரில் கவனிக்க வேண்டியவை

ஓடையோ அருவியோ, இறங்குவதற்கு முன் கரையில் ஒரு பாறையைக் குறிவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தொடும் இடத்தில் ஈரக்கோடு தெரியும். அதற்கு மேலே ஒரு சின்னக் கூழாங்கல்லை வையுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அந்தக் கல்லைப் பாருங்கள். கோடு விரற்கடை ஏறியிருந்தாலும், கல் நனைந்திருந்தாலும், மேலே மழை பிடித்துவிட்டது என்று அர்த்தம். உடனே கரையேறுங்கள்.

வெள்ளத்துக்கு முன்னால் வரும் மற்ற அடையாளங்கள்:

- தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறும்.
- சருகும் குச்சியும் கொத்துக் கொத்தாக மிதந்து வரும்.
- அருவியின் சத்தம் கனத்து, பேச்சுக் கேட்காமல் போகும்.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் செருப்பு, துணி, செல்போன் எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடாமல், பக்கத்து மேட்டில் ஏறுங்கள்.

ஓடைக்கு மறுபக்கம் மாட்டிக்கொண்டால் அங்கேயே மேடான இடத்தில் காத்திருங்கள். காட்டாறு சீக்கிரம் ஏறும், மழை விட்டால் சில மணி நேரத்தில் இறங்கவும் செய்யும். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரைக் கைகோத்துக் கடந்துவிடலாம் என்று இறங்குவதில்தான் உயிர் போகிறது.

போடியிலிருந்து குரங்கணி போகும் வழியில், கொட்டகுடி ஆற்றின் குறுக்கே இருக்கும் அணைப்பிள்ளையார் தடுப்பணைக்கும் இதே எச்சரிக்கை. தண்ணீர் வழிந்து விழும்போது பார்க்க அழகாக இருக்கும், கரையிலிருந்து பாருங்கள். குளிக்க வேண்டாம்.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் அருவியில் வேண்டாம். பரிகாரம் என்று கட்டிய துணியைத் தண்ணீரில் விடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தத் துணி பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு, அடுத்து இறங்குகிறவரின் காலைப் பிடிக்கும். அதே தண்ணீரைக் கீழே ஊர்கள் குடிக்கின்றன.

## காட்டில் கவனிக்க வேண்டியவை

அட்டை. ஏலச்சரிவிலும் ஈரச் சருகிலும் நிறைய இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டு, காலுறையின் மேல் வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் தீயால் சுடாதீர்கள், வெடுக்கென்று இழுக்காதீர்கள். நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, வாய்ப்பகுதியை நெம்பினால் விட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சை அழுத்திப் பிடியுங்கள். அட்டையின் உமிழ்நீர் ரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் வழியும். பயம் வேண்டாம்.

பாம்பு. சருகுக்குள் கை விடாதீர்கள், பாறை இடுக்கில் உட்காராதீர்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றுமே தவறு. கடிபட்டவரை நடக்கவிடாமல், அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழையுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டாம். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் கிடைக்கும். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

யானை. சுருளிக்கு மேலே இருப்பது 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். புதுச் சாணம், ஒடிந்த மூங்கில், கிளை முறியும் சத்தம் என்றால் பேசாமல் வந்த வழியே திரும்புங்கள். செல்போனில் படம் எடுக்க நிற்காதீர்கள். பட்டாசு, விசில், கூச்சல் எல்லாம் யானையைக் கிளப்பிவிடும்.

மின்னல். இடி கேட்டால் தனி மரத்தடி, திறந்த பாறை, கோயில் கொடிமரம் ஆகியவற்றை விட்டு விலகுங்கள். கூரையுள்ள கட்டடத்துக்குள் நில்லுங்கள்.

## போடிமெட்டுக்கும் ஏற நினைத்தால்

பலர் கோயில் பயணத்தோடு போடிமெட்டையும் சேர்த்துக்கொள்வார்கள். போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். மெட்டு 1,300 மீட்டருக்கும் மேல். குளிர் ஆறேழு டிகிரி கூடும். சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

1. முந்தல் செக்போஸ்ட்டில் சாலை நிலவரம் கேளுங்கள். மண்சரிவு நாட்களில் போக்குவரத்தை நிறுத்துவார்கள், அல்லது இரவில் மட்டும் தடை போடுவார்கள்.

2. ஜீப் நேரத்தைத் தவிருங்கள். ஏலக்காய் எடுப்புப் பருவத்தில் போடிப் பக்கத்துத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியலில் மெட்டுக்கு ஏறும், மாலையில் இறங்கும். அவர்களுக்கு வேலை, உங்களுக்குச் சுற்றுலா. எட்டரை மணிக்குப் பிறகு ஏறி, மூன்று மணிக்குள் இறங்கிவிடுங்கள்.

3. ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள், வளைவில் முந்தாதீர்கள்.

4. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஈரச்சாலையில் நியூட்ரல் போடுவது தற்கொலை.

5. பனிமூட்டத்தில் விளக்கைத் தாழ்த்துங்கள். உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

6. வெட்டிய மலைச்சரிவுக்குக் கீழே வண்டியை நிறுத்தாதீர்கள். புலியூத்து அருவியைப் பார்க்கவும், செல்ஃபி எடுக்கவும் பலர் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். மழை விட்ட மறுநாளும் பாறை உருளும். சரிவிலிருந்து சேறு கசிவது, மரம் சாய்ந்திருப்பது, சின்னக் கற்கள் உதிர்வது ஆகியவை அடையாளம்.

குரங்கணியிலிருந்து காட்டுக்குள் நடக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11 அன்று அந்த மலையில் பிடித்த காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஒரு அடியும் உள்ளே வைக்காதீர்கள், மழைக்காலமாக இருந்தாலும்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஒரே நாளில் மூன்று இடம். காலையில் சுருளி, மதியம் மாவூற்று, மாலையில் போடிமெட்டு என்று திட்டம் போட்டால் கடைசி இடத்துக்கு இருட்டில், மழையில், களைப்போடு போய்ச் சேர்வீர்கள். ஒரு நாளைக்கு ஒரு கோயில்.
- வரைபடம் காட்டும் நேரத்தை நம்புவது. மழைக்காலத்தில் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.
- குழந்தையைத் தோளில் தூக்கி அருவிக்குள் நிற்பது. மேலிருந்து கல் விழலாம். கால் தவறினால் இருவரும் விழுவீர்கள்.
- குடித்துவிட்டுக் குளிப்பது. குளிரும் ஆழமும் தெரியாது. காட்டுக்குள் மது கொண்டுபோவதும் கூடாது.
- ஏலக்காயைப் பறிப்பது. சரத்தில் தொங்கும் பச்சைக் காய் ஒருவருடைய ஓராண்டு வருமானம். வேண்டுமென்றால் போடிக் கடைகளில் வாங்குங்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் இருக்கும் ஊர் இது. 8 மி.மீ. காய்க்கு விலை அதிகம். உலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும், விரலால் நசுக்கினால் நமுத்த மாதிரி இருக்கக் கூடாது.

## ஊர் திரும்பிய பின்

அன்றைக்கே வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளித்து, போட்டிருந்த துணி முழுவதையும் துவையுங்கள். அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதோரம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி வந்தால் மருத்துவரிடம் “காட்டுக்கோயிலுக்குப் போயிருந்தேன்” என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். மழைக்கும் குளிருக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களில் உண்ணிக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் தமிழ்நாட்டில் வழக்கமாக வருபவை. சிகரெட்டால் சுட்ட மாதிரி வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு உடம்பில் எங்காவது தெரிந்தால் அதைக் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சலின் முக்கிய அடையாளம் அது. தக்க மாத்திரையை நேரத்தில் தொடங்கினால் எளிதில் குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை பாதிக்கும்.

## எப்போது திரும்புவது

கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்:

1. தேனிக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை.
2. ஓடையில் வைத்த கல் நனைந்துவிட்டது.
3. இடிச் சத்தம் கேட்கிறது.
4. யானை இருப்பதாக யாராவது சொன்னார்கள்.
5. கூட்டத்தில் ஒருவருக்கு முடியவில்லை.
6. மணி பதினொன்றரை தாண்டியும் ஏற்றம் பாக்கி இருக்கிறது.
7. கேட் மூடியிருக்கிறது.

ஏழாவதுதான் பலருக்குக் கசக்கும். தூரத்திலிருந்து வந்திருப்பீர்கள், லீவு போட்டிருப்பீர்கள், வேண்டுதல் இருக்கும். “அஞ்சு நிமிஷம் சார், கும்பிட்டுட்டு வந்துடுறோம்” என்று வனக்காவலரிடம் கெஞ்சத் தோன்றும். கேட்காதீர்கள். அவர் உள்ளே விட்டு உங்களுக்கு ஏதாவது ஆனால், வெள்ளத்துக்குள் இறங்கித் தேட வேண்டியவரும் அவர்தான். அடிவாரத்தில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் மழை விட்டதும் வாருங்கள்.